கேட் இல்லாத வேலி

இன்று சேந்தமங்கலம் அடிவாரத்தில் கம்பிவேலி ஆர்டர் ஒன்று பிடித்தேன். காட்டைக் காப்பாற்ற வெளிநாட்டு அமைப்பு ஒன்றும் நம் ஊர் அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து வாங்கிய நிலம்.

அளந்துகொண்டிருந்தபோது ஆடு ஓட்டி வந்த அம்மா ஒருவர் நின்றார்.

"ஏனுங்க, ஆடு ஓடைக்குத் தண்ணிக்குப் போறது இப்படித்தானுங்க. கேட் எங்க வெக்கறீங்க?"

அறக்கட்டளை மேலாளர் என்னிடம் சொன்னார்: "பிளான் வெளிநாட்டுல இருந்து வந்ததுங்க. அதுல கேட் இல்லீங்க."

"என் செலவுல ஒண்ணு போட்டுத் தாரனுங்க" என்றேன்.

"அதுக்கும் அவங்க கையெழுத்து வேணுமுங்க. ஆறு மாசம் ஆகும்."

அந்த அம்மா சிரித்தார். "அதுவரைக்கும் தாகம் எடுக்கப்படாதுன்னு ஆட்டுக்கு நீங்களே சொல்லிப்போடுங்க சாமி."

இந்த ஆர்டரை நான் விட்டால், போட்டிக்கு வேலி போடும் சங்ககிரிக்காரர் எடுத்துப் போடுவார். நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்களா, சொல்லுங்கள்.

பேசி முடித்தது: ஏழடி உயரம், கல்தூண், பத்து நாளில் வேலை முடிய வேண்டும், கேட் கிடையாது.