புரட்டாசியில் வந்த மீன்

மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். தாதியர் கல்லூரி மாணவிகள் பிள்ளைகளுக்குச் சத்துணவுப் பாடம் எடுக்க வருகிறார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார் வந்தாலும் கடைசியில் எண்ணெயில் வறுத்த என் மீ கோரேங் நூடுல்ஸைத்தான் குறை சொல்வார்கள். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். ஒரு மலாய்க்காரப் பிள்ளை, ஒரு சீனப் பிள்ளை, பக்கத்துப் பாலோ ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை. பாடம் எடுக்கப் போவது தமிழ்ப் பிள்ளைதான். பின்னாலேயே அவர்களுடைய விரிவுரையாளர், ஒரு மலாய்க்கார அம்மா, மதிப்பெண் போட வந்து உட்கார்ந்தார்.

"போன தடவ ஃபெயில் ஆண்ட்டி. இதுலயும் போச்சுன்னா செமஸ்டர் திரும்பப் படிக்கணும்," என்றது அந்தப் பிள்ளை, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி. பாவமாக இருந்தது.

பாடம் எளிதுதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ, மீதிப் பாதி காயும் பழமும். பிள்ளைகளே எடுத்துப் போட்டுச் சாப்பிட வேண்டும். சோறு போட்டார்கள், கீரை போட்டார்கள். பொரித்த மீன் இருந்த டப்பாவைத் திறந்ததும் ஒரு கைகூட நீளவில்லை.

"புரட்டாசி டீச்சர்! மீன் சாப்பிடக்கூடாது!" என்று ஒரு வாண்டு கத்தியது.

"சாமி கண்ணக் குத்தும்!" என்றது இன்னொன்று. விரதம் இல்லாத பிள்ளைகளும் மற்றவர்களைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்கள்.

அலமாக்! மூடிக் கொண்டுவந்ததால் நானும் கவனிக்கவில்லை. பாடம் எடுக்க வந்தது வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். வீட்டில் புரட்டாசி விரதம் கிடையாது. விரிவுரையாளருக்குத் தமிழ் தெரியாது. ஏன் இந்தச் சத்தம் என்று என்னிடம் மலாயில் கேட்டார். பிள்ளைகளுக்கு மீன் பிடிக்காது என்று சொல்லிக் காப்பாற்றிவிடலாமென்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அந்தப் பிள்ளையே அவர் முன்னால் போய் நின்றது. "புவான், தப்பு என்னோடது. இது இவங்க விரத மாசம். நான் விசாரிக்காம வந்துட்டேன்," என்று மலாயில் சொல்லிவிட்டது. அடிப்பாவி, உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயே என்று எனக்குப் பதறியது.

அது பதறவில்லை. மீனை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பியது. "அக்கா தப்பு பண்ணிட்டேன். மீன் சாப்புடாத நாள்ல உங்க வீட்ல என்ன சமைப்பாங்க? இந்தக் கால் பங்க நீங்களே நெரப்புங்க, பாப்போம்."

அவ்வளவுதான், கூரை பறந்தது. பருப்பு! தெம்பே! கடலை! மொச்சை! ஒருவன் எழுந்து, "ரசம்!" என்றான்.

"ரசத்துல பருப்ப தேடணும்லா," என்று அது சிரித்தது. பிள்ளைகள் உருண்டார்கள்.

நான் அடுப்படிக்கு ஓடி, அன்று சமைத்த பருப்பையும் சோயாவில் செய்த தெம்பேயையும் சட்டியோடு தூக்கி வந்தேன். கீரையைக் கண்டாலே ஓடுகிற கழுதைகள் தட்டை வழித்துத் தின்றன. இத்தனை வருஷம் நான் கெஞ்சியும் நடக்காத காரியம் அது. கெட்டிக்காரி! என் பெண்ணாக இருந்தால் அங்கேயே திருஷ்டி கழித்திருப்பேன்.

முடிந்ததும் விரிவுரையாளர் பேனாவை மூடினார். "விசாரிக்காம வந்ததுக்கு மார்க் கொறச்சிருக்கேன்," என்று மலாயில் சொன்னார். பிள்ளையின் முகம் செத்துவிட்டது.

"ஆனா தப்ப மறைக்கிற தாதிகிட்ட நான் நோயாளிய விடமாட்டேன். உன்கிட்ட விடுவேன். பாஸ்."

நான் சட்டியோடு அடுப்படிக்குத் திரும்பியதும் அந்தப் பிள்ளை பின்னாலேயே வந்து, என் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதது. "பாஸாயிட்டு அழுவுறியேடி, லூசு," என்று திட்டிக்கொண்டே நானும் அழுதேன்.