மூன்று புள்ளிப் பித்தளை

சேலம் சந்திப்பில் காலை ஆறு மணி வாக்கில் ரயில் ஏறினேன். விருத்தாசலம் வரை நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பாசஞ்சருக்கு எந்த ஊரையும் விட்டுப்போக மனம் வராது. வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் என்று எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் நகரும்.

போகிற காரியம் என்னுடையது அல்ல. சென்னையில் மின்சாதன ஏற்றுமதி செய்யும் என் சித்தப்பா மகன் சேகர் முந்தின நாள் போனில் சொன்னான்: "ஊர் சுத்துறதுதானே உன் வேலை? விருத்தாசலம் போயி ஒரு சாம்பிள் பெட்டியை வாங்கிக்கிட்டு சாயங்கால ரயில்ல வந்துடு. ஆப்பிரிக்காவுல இருந்து வாங்க வந்திருக்கறவரு நாளைக்குக் காலையில பாக்கணும். மத்தியானம் அவருக்கு ஃப்ளைட்டு." நான் ஊர் சுற்றுவதை வேலை என்று என் குடும்பத்தில் ஒருவன் ஒப்புக்கொண்டதே பெரிது. சரி என்றேன்.

பெட்டியில் வரப்போவது பீங்கான் ஃபியூஸ். கரண்ட் போனால் ஸ்டூல் மேல் ஏறி, மீட்டர் பலகையிலிருந்து பிடுங்கி, மெல்லிய கம்பி கட்டித் திரும்பக் குத்துவோமே, அந்த வெள்ளைக் கட்டைதான். அதன் உடம்பு பீங்கான். மின்சாரம் ஓடும் இரண்டு கால்கள் பித்தளை. இப்போது கட்டும் வீடுகளில் அது கிடையாது. தானே விழுந்து அணைந்துகொள்ளும் பிளாஸ்டிக் சுவிட்சுகள் வந்துவிட்டன. அவற்றில் பாதி கப்பலில் வருபவை. கடைக்காரர் கேட்கும் விலையில் உள்ளூர்ப் பட்டறை பித்தளைகூட வாங்க முடியாது என்பார்கள்.

ஒன்பதரைக்கு இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாகவே இருந்தது. செராமிக் தொழிற்பேட்டைக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"பீங்கான் பொம்மை வாங்கவா சார்?" என்றார் டிரைவர்.

"இல்லை, ஃபியூஸ்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். "இன்னும் செய்யிறாங்களா சார் அதை? எங்க வூட்டுலயே போன வருசம் கழட்டிப் போட்டுட்டோம்" என்றவர், பேரம் பேசாத ஆளிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, "நல்ல பொருளுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

சேகருக்கு ஃபியூஸ் செய்து கொடுக்கும் குப்புசாமியின் பீங்கான் கம்பெனியை ஒட்டி, தகரக் கூரை போட்ட பித்தளைப் பட்டறை. நடத்துகிறவர் ஜெயந்தி. நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். கணவர் இறந்த பிறகு ஆறு வருடமாகத் தானே உலை மூட்டி வார்க்கிறார். உதவிக்கு இரண்டு பெண்கள். குப்புசாமி செய்யும் ஃபியூஸுக்கு எல்லாம் பித்தளைக் கால் இங்கிருந்துதான் போகிறது.

ஒரு மூலையில் பழைய பித்தளை மூட்டைகள். ஒன்றில் முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள். எந்த நாட்டுக் குளியலறையிலோ திறந்து மூடிய குழாய்கள், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளோடு. இறக்குமதிக்குக் கதவு திறந்துவிட்டதால் இதுவும் கப்பலில் வருகிறது. "லண்டன் சந்தையில வெலை ஏறிச்சின்னா பழைய சாமான் கடைக்காரரு காலையிலயே போன் பண்ணிடுவாரு. எறங்கிச்சின்னா மட்டும் அவுரு போன்ல சார்ஜு இருக்காது" என்றார் ஜெயந்தி.

இன்னொரு மூட்டை சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தது. அதில் கைவிட்டு ஒரு பித்தளைக் காலை எடுத்துக் காட்டினார். கறுத்துப்போன துண்டு. அடிப்பக்கம் முக்கோணமாக மூன்று சின்னக் குழிகள்.

"நம்ம புள்ளி சார் இது. எங்க வூட்டுக்காரரு வச்சது. யார் யார் வூட்டுலயோ இருந்துட்டு, கழட்டி எடைக்குப் போட்டு, கடைசில எங்கிட்டயே வருது. நானே வித்ததை நானே காசு குடுத்து வாங்கி உருக்குறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஆப்பிரிக்காவின் சில ஊர்களில் இன்னும் இந்த ஃபியூஸ்தான் ஓடுகிறதாம். வந்திருப்பவர் கேட்டது ஒரு டஜன் மாதிரி. பிடித்தால் கன்டெய்னர் கணக்கில் ஆர்டர். நிபந்தனை ஒன்று: செய்தவர் அடையாளம் எதுவும் கூடாது, அவர்கள் பெயரை அவர்களே அடித்துக்கொள்வார்கள். "இது வரலைன்னா பட்டறையை இரும்பு வெலைக்குக் குடுத்துட்டு புள்ளைங்களோட திருப்பூரு போயிடலாம்னு இருக்கேன்" என்றார் ஜெயந்தி. பஸ் நேரம் சொல்கிற குரல்.

பத்தரை மணிக்குக் குப்புசாமி சுட்டெடுத்த பீங்கான்களைத் தட்டில் அடுக்கி எடுத்துவந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல உடம்பு, அந்த உடம்புக்கும் பெரிய சட்டை. ஜெயந்தி பித்தளைக் காலை எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். இறங்கவில்லை. இன்னொன்று. அதுவும் இறங்கவில்லை. திருப்பி வைத்து அமுக்கினார். பித்தளை, பீங்கானுக்கு வெளியே நாக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, நீங்க குடுத்த அளவுக்குத்தான் வார்த்தேன்."

"சேகர் சார் அனுப்புன படத்துல இருந்த அளவைத்தான் குடுத்தேன்" என்றார் குப்புசாமி. பிறகு முகம் மாறியது. "எட்டுல ஒண்ணு சேத்துட்டேன்."

களிமண் சூளைக்குள் போனால் சுருங்கும். அதனால் இந்த ஊர்ப் பீங்கான்காரர்கள் எந்த அளவைக் கண்டாலும் எட்டில் ஒரு பங்கு கூட்டித்தான் எழுதுவார்கள். அது கணக்கு அல்ல, கைப்பழக்கம். போனில் வந்த படத்தைப் பார்த்த குப்புசாமி எல்லா எண்ணையும் கூட்டிவிட்டார், பித்தளைக்கு உரியதையும் சேர்த்து. பீங்கான் சொன்னபடி சுருங்கி உட்கார்ந்துவிட்டது. பித்தளைக்கு அந்தச் சமாசாரம் தெரியாது.

"பித்தளைக்குக் குடுக்குறோம்னு தோணலியாண்ணே?"

"தோணலியே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் மனிதர். வேலை செய்த பெண்களில் ஒருவர், "டெய்லருகிட்டயும் எட்டுல ஒண்ணு சேத்துத்தான் சொல்லுவாரு, சட்டையைப் பாருங்க" என்றார். அந்த நிலையிலும் எல்லோரும் சிரித்தார்கள், குப்புசாமியைத் தவிர.

பெரிய பள்ளம் வைத்துப் புதிதாகப் பீங்கான் செய்யலாம். ஆனால் காய்ந்து வெந்து வர நாள் கணக்காகும். சென்னை ரயில் ஐந்தரைக்கு. கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். சேகருக்குப் போன் செய்து நடக்காது என்று சொல்லிவிடுவது எளிது. அதற்குள் ஜெயந்தி ஒரு பித்தளைக் காலை இடுக்கியில் பூட்டி அரத்தால் ராவ ஆரம்பித்திருந்தார்.

அவர் செய்தது இவ்வளவுதான். பெரிதாகிப்போன ஒரே ஒரு துண்டைப் பள்ளத்துக்குச் சரியாகும்வரை ராவினார். வைத்துப் பார்ப்பார், ராவுவார், மறுபடி வைத்துப் பார்ப்பார். குப்புசாமி பக்கத்திலேயே பீங்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டு பள்ளத்தில் இறங்கியதும் ஜெயந்தி அதை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். சுத்தியல் சத்தம் லேசாகக் கேட்டது. திரும்பி வந்து, இரண்டு சட்டங்களில் மணலை நிரப்பி இடித்து, அதே துண்டை அச்சாக அமுக்கிப் பள்ளம் பள்ளமாக எடுத்தார்.

தப்பான கால்கள் அத்தனையும் உலைக்குள் போயின. இரண்டு வெளிநாட்டுக் குழாய்களும், சேத்தியாத்தோப்பு மூட்டையிலிருந்து ஒரு கையளவும் கூடவே. பித்தளை உருகி வெள்ளைப் புகை எழும்பியது. "தள்ளி நில்லுங்க சார்" என்றார் ஜெயந்தி. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஊற்றினார்.

மதியச் சாப்பாடு குப்புசாமி வீட்டிலிருந்து வந்தது. எட்டுப் பேர் சாப்பிடலாம். இருந்தது ஐந்து பேர். டெய்லர் பேச்சை எடுத்த பெண் மறுபடி அவர் சட்டையைப் பார்த்தார்.

நாலேகாலுக்குக் கடைசித் துண்டில் துளை போட்டு முடித்தார்கள். பன்னிரண்டு ஃபியூஸிலும் கால் இறங்கியது. குப்புசாமி ஒவ்வொன்றையும் பிடுங்கிக் குத்தினார், பிடுங்கிக் குத்தினார். அவர் கண் கலங்கியிருந்ததற்குப் புகை காரணமல்ல. பெட்டியை வைக்கோல் திணித்துக் கட்டிக் கொடுத்த ஜெயந்தி, "ஒரு காலு எச்சா வச்சிருக்கேன் சார். போயிட்டு வாங்க" என்றார்.

ரயில் உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்போது சும்மா இருக்க மாட்டாமல் பெட்டியைத் திறந்தேன். உதிரியாக இருந்த அந்த ஒற்றைக் காலை எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் மூன்று புள்ளிகள். அச்சிலேயே அடித்துவிட்டார், அப்படியென்றால் எல்லாக் காலிலும் இருக்கும். அடையாளம் கூடாது என்று சொன்னது அவருக்கும் தெரியும். பொருத்திவிட்டால் பீங்கானுக்கு அடியில் மறைந்துவிடும், திருகாணியைக் கழற்றினால்தான் தெரியும். இத்தனை பாடுபட்டுவிட்டு இந்த வீம்பு எதற்கு என்று எனக்குக் கோபம்கூட வந்தது. உதிரித் துண்டைப் பெட்டியில் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சேலத்தில் எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். வெளியிலிருந்து இயந்திரத்தில் பின்னிய கொலுசு வந்தபோது சிலர் இயந்திரம் வாங்கினார்கள், சிலர் இட்லிக் கடை போட்டார்கள். இட்லிக் கடைகள் நன்றாக ஓடுகின்றன. உலகச் சந்தை என்பது எனக்கு அதுவரை அவ்வளவுதான்.

மறுநாள் காலை சேகரின் ஆபீஸில் வாங்க வந்தவர் ஃபியூஸைக் கையில் எடைபார்த்தார். இரண்டு தரம் பிடுங்கிக் குத்தினார். திருகாணியைத் தொடவில்லை. ஒரு கன்டெய்னர் அனுப்பச் சொன்னார். எழுந்து கைகொடுக்கும்போது, "எங்கள் ஊரிலும் புது சுவிட்ச் வரத் தொடங்கிவிட்டது. இன்னும் சில வருடங்கள், பிறகு இதெல்லாம் பழைய சாமான்" என்றார் சிரித்தபடி. சேகரும் சிரித்தான்.

நான் வராந்தாவுக்குப் போய் ஜெயந்திக்குப் போன் செய்தேன். ஆர்டர் வந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. வாங்க வந்தவர் பழைய சாமான் என்று சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார் ஜெயந்தி. "அதான் புள்ளி வச்சேன். திரும்பி வந்துச்சின்னா நம்மளுதுன்னு தெரியணுமில்ல?"