விபோர்க்கில் புடைத்த சோளம்

“நாலு கோப்பைச் சோளனையும் வடிவாத் துப்புரவாக்கி மேசையில வைச்சிட்டன், பிள்ளை,” என்றாள் தவமலர்.

யசிந்தா தட்டச்சுப் பொறியின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது.

“கோப்பையளைக் கழுவினனீங்களோ அக்கா?”

“கோப்பையில என்ன ஊத்தை? நான் சோளனைச் சொல்லுறன்.”

“சோளனை என்ன செய்தனீங்கள்?”

“புடைச்சனான். இஞ்சை எங்க சுளகு? கன்டீன் தட்டைக் கொண்டுபோய் முத்தத்தில நிண்டு புடைச்சன். நல்ல காத்து. இந்த நாட்டில ஒரு குறையும் சொல்லேலாத சாமான் காத்து ஒண்டுதான்.”

“கல்லெல்லாம்?”

“கல்லு, சருகு, பூச்சி குத்தினது, உடைஞ்சது, எல்லாத்தையும் பொறுக்கி எறிஞ்சாச்சு. ஆபிரிக்காவில இருந்து இவ்வளவு தூரம் வந்த சனம். அவையளுக்கு முன்னால கல்லுச் சோளனையோ வைக்கிறது? எங்கட தலைவி பிர்கிற்றுக்கு ரோசம் இல்லாட்டிலும் எனக்கு இருக்கு.”

யசிந்தா எழுந்து நின்றுவிட்டாள்.

“அக்கா, அந்தக் கல்லு பிர்கிற் வேணுமெண்டு போட்டது.”

“உனக்கென்ன விசரே? சாப்பிடுற சாமானுக்குள்ள ஆராவது வேணுமெண்டு கல்லுப் போடுவினமோ?”

“நிறுத்துப் போட்டவ. சனிக்கிழமை முழுக்க இருந்து, நாலு கோப்பைக்கும் ஒரே அளவு கல்லு, ஒரே அளவு பூச்சி குத்தின மணி. நாலு நாட்டாரும் தங்கட தங்கட முறையில சோதிச்சு, முடிவு ஒத்து வருதோ எண்டு பாக்கிறதுக்கு.”

தவமலர் முற்றத்துப் பக்கம் திரும்பினாள்.

“எறிஞ்சதெல்லாம் எங்க கிடக்கு?” என்று யசிந்தா கேட்டாள்.

“சருகு காத்தோட போட்டுது. மிச்சத்தைக் குருவியள் தின்னுதுகள்.” அவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். “முத்தத்தில சரளைக்கல்லு கிடக்குது. ரெண்டு கை அள்ளிப் போடுவமோ?”

“அளவு தெரியாதே அக்கா. விடுங்கோ. ஒருத்தரும் காணேல்லை. நானும் சொல்லமாட்டன்.”

“நீ எப்பதான் என்னத்தைச் சொன்னனீ? வாய்க்குள்ள கொழுக்கட்டை.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நாலு நாட்டு லொறியள் எல்லையில மாசக்கணக்கா நிக்குது எண்டு சொன்னது நீதானே? அந்தக் கதைக்குத்தானே இந்தச் சோளன்?”

“ஓம்.”

“அப்ப சொல்லத்தான் வேணும்.”

“சொன்னா உங்கட வேலை?”

அதற்குள் கூட்ட மணி அடித்துவிட்டது.

தவமலருக்கு வேலை என்றால் என்ன என்பதை டென்மார்க்கின் விபோர்க் நகரில் இருந்த தமிழர் எல்லாரும் அறிவார்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் பிறந்து, வாழைக்குலை ஏலம் போடுகிற சத்தத்தில் கண் விழித்துப் பழகியவள். 1985இல் கணவர் மகேந்திரராசாவோடு டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தபோது, நகராட்சி அவர்களுக்கு மூன்றாம் மாடியில் ஒரு வீடு கொடுத்தது. வெந்நீர், வெப்பமூட்டி, பூட்டுப்போட்ட கதவு எல்லாம் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை. மகேந்திரராசா மொழி வகுப்புக்குப் போய்விட்டால் அவள் அடுப்பைத் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்து, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இருந்த இலக்கங்களே அழிந்துபோயின. “இனி உத்தேசத்திலதான் சமைக்கவேணும்,” என்றார் மகேந்திரராசா. அவர் எதையும் பெரிதுபடுத்தாத மனிதர்.

எதையும் இருந்தபடி விடமாட்டாள் என்பதுதான் தவமலரின் குணம். கொம்யூன் என்று எல்லாரும் சொல்லும் அந்த நகராட்சி, அவளை முதலில் ஒரு பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்த்துவிட்டது. பிள்ளைகளின் தலைமயிர் காய்ந்து பறப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஒரு வியாழக்கிழமை எல்லாத் தலைக்கும் தேங்காயெண்ணெய் வைத்து, வகிடெடுத்து, படிய வாரிவிட்டாள். மாலையில் கூட்டிப்போக வந்த தாய்மாருக்குத் தங்கள் பிள்ளை எது என்று தேட வேண்டியிருந்தது. அடுத்தது முதியோர் இல்லத்தின் சலவைக்கூடம். அங்கே உள்ளாடைகளுக்குக்கூட இஸ்திரி போட்டாள். கிழவர்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் மற்ற வேலையாட்கள், இனி எங்களிடமும் இதை எதிர்பார்ப்பார்கள் என்று தொழிற்சங்கத்துக்கு முறைப்பாடு செய்துவிட்டார்கள்.

மூன்றாவது இந்த விவசாயப் பள்ளி. ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவி, மேசை துடைத்து, மாதிரிகளை எடுத்து வைக்கும் வேலை. பரீட்சார்த்த காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இதுவும் சரிவராவிட்டால் இனி வேலைக்கு அனுப்புவதாக இல்லை, வீட்டில் இருந்து மொழி படிக்கட்டும் என்று கொம்யூன்காரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். தவமலர் பயந்தது அந்த மூன்றாம் மாடிக்குத்தான்.

அந்தச் செப்டெம்பரில் பள்ளிக்கு வந்திருந்தவர்கள் சாம்பியா, மலாவி, தன்சானியா, சிம்பாப்வே ஆகிய நான்கு அயல் நாடுகளின் தானிய அதிகாரிகள். ஒரு நாட்டில் முதல் தரம் என்று முத்திரை குத்திய சோளத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் கழிவு என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கே நல்லதென்று ஏற்றி அனுப்பியதை இங்கே வாங்க மறுத்தார்கள். ஒரு பக்கம் விளைச்சல், மறுபக்கம் பஞ்சம், நடுவில் நனைந்துகொண்டு நிற்கிற லொறிகள். எவ்வளவு ஈரம் இருக்கலாம், எவ்வளவு கல் இருக்கலாம், உடைந்த மணி எத்தனை வீதம் என்று நாலு நாட்டுக்கும் ஒரே அளவுகோல் வகுப்பதற்குத்தான் டென்மார்க் அவர்களை அழைத்திருந்தது.

யசிந்தா கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்ய வந்தவள். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே படித்தவள். அதிகம் பேசமாட்டாள். சாம்பியாவின் முலெங்கா, “உங்கள் ஆட்கள் தராசை நம்புவதைவிட மூக்கை நம்புகிறார்கள்,” என்று கத்துவார். மலாவியில் இருந்து வந்த திருமதி பிரி, “உங்கள் தராசைவிட என் மூக்கு நேர்மையானது,” என்று திருப்பிக் கொடுப்பார். யசிந்தா அதை, ‘சோதனை முறைகள் குறித்துப் பிரதிநிதிகள் கருத்துப் பரிமாறினர்’ என்று அடித்து முடிப்பாள். ஒரு கிழமையாக இப்படியே போயிற்று.

அன்று காலை அப்படிப் போகவில்லை. ஒவ்வொரு நாட்டாரும் தங்கள் கோப்பையை எடுத்து நிறுத்தார்கள், சலித்தார்கள், கொட்டிப் பரப்பிப் பார்த்தார்கள். ஆய்வுகூடத் தலைவி பிர்கிற், உயரமான பெண், கைகளைக் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடந்தாள். தவமலர் சுவரோரமாகக் கோப்பித் தட்டோடு நின்றாள்.

முலெங்கா முதலில் எழுந்தார். “கல் இல்லை. தூசி இல்லை. பூச்சி இல்லை. முதல் தரம்.”

தன்சானியாவும் அதையே சொன்னது. சிம்பாப்வேயும் அதையே சொன்னது. திருமதி பிரி கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, “எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் முலெங்கா சொல்வது சரி,” என்றார்.

அந்த ஒரு கிழமையில் முதல் தடவையாக எல்லாரும் கை தட்டினார்கள். “ஒத்துப்போய்விட்டோம். பெட்டியைக் கட்டலாம்,” என்றார் முலெங்கா. பிர்கிற் மட்டும் கை தட்டவில்லை. குனிந்து ஒரு கோப்பைக்குள் விரலை விட்டுக் கிளறினாள். பிறகு அடுத்த கோப்பை. அவள் முகம் சிவந்துகொண்டே போனது.

தவமலர் கோப்பிக் கிண்ணங்களை ஒரு மேசையில் இறக்கிவிட்டு யசிந்தாவின் அருகே வந்தாள்.

“இப்ப சொல்லு.”

“இப்பவோ? எல்லாரும் சந்தோசமா இருக்கினம் அக்கா. பிறகு பிர்கிற்றிட்டை தனியச் சொல்லுவம்.”

“பிறகு எண்டா எப்ப? அவையள் பிளேன் ஏறின பிறகோ? எழும்படி.”

யசிந்தா எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்ததே அதுதான் முதல் தடவை. “மன்னிக்கவும். மாதிரிகளை எடுத்து வைக்கும்போது ஒரு சிறிய தவறு…” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

தவமலருக்கு ஆங்கிலம் அதிகம் இல்லை. ஆனால் ‘சிறிய’ என்ற சொல் தெரியும். “சின்னனோ?” என்றாள் உரக்க. “எல்லாத்தையும் எல்லோ எறிஞ்சனான்!” என்றவள், வெறுந்தட்டை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, அந்தரத்தில் புடைக்கத் தொடங்கினாள். தட்டு எழும்பி எழும்பி விழுந்தது. நடுவில் வாயால் ஊதினாள். ஒரு கல்லைப் பொறுக்குவதுபோல் பொறுக்கி, தோளுக்கு மேலால் எறிந்தாள். கடைசியில் தன் நெஞ்சில் விரலைக் குத்தி, “மீ,” என்றாள்.

யசிந்தா மிச்சத்தை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். பிறகு திருமதி பிரி சிரித்தார். மேசையில் தலையை வைத்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“என் அம்மாவும் இப்படித்தான்,” என்றார் ஆங்கிலத்தில். “எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் புடைக்காமல் ஒரு மணியைக்கூட விற்கமாட்டாள். கொள்வனவு நிலையத்துக்கு வரும்போது ஒவ்வொரு சாக்கும் இந்தக் கோப்பை மாதிரித்தான் இருக்கும்.”

“அப்படியென்றால் எல்லைக்கு வரும்போது கல் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார் முலெங்கா.

“வழியில் வருகிறது. வியாபாரி கலப்பான். மழை நனைக்கும். லொறித் தரையைக் கூட்டி அதையும் சாக்கில் அள்ளுவான். நாங்கள் விவசாயியின் சாக்கில் எடுத்துச் சோதிக்கிறோம். நீங்கள் எங்கே எடுக்கிறீர்கள்?”

“எல்லையில். லொறியில்.”

“ஒரு கிழமையாக ஏன் அதைச் சொல்லவில்லை?”

“நீங்கள் ஏன் கேட்கவில்லை?”

அதன் பிறகு அவர்கள் போட்ட சத்தம் சுன்னாகம் சந்தைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. தவமலர் வாயெல்லாம் பல்லாகச் சுவரோரம் நின்று கேட்டாள். யசிந்தாவின் விரல்கள் பொறியில் ஓடின. கருத்துப் பரிமாறினர் என்று அடிக்க அன்று அவளுக்கு நேரமில்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அடித்தாள். மாதிரியை இனி எல்லையில், இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து நின்று, லொறியிலிருந்தே எடுப்பது என்று மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிவாயிற்று. எத்தனை வீதம் கல் என்பது மட்டும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டம் வரை அதற்காகச் சண்டை பிடிக்க அவர்களுக்கு ஆசை மிச்சம் இருந்தது.

பிர்கிற் சிரித்தவர்களோடு சேரவில்லை. அவளுடைய சனிக்கிழமை காற்றோடு போயிருந்தது. பின்னேரம் முழுவதும் புதிதாகக் கல் நிறுத்தாள். தவமலரைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் கையாலேயே கோப்பைகளுக்குள் போடச் செய்தாள். ஒவ்வொரு கல்லும் விழும்போது தவமலரின் முகம் மருந்து குடித்தவள்போல் சுருங்கியது. “என்ர கையாலயே போட வைக்கிறாள் பார்,” என்று யசிந்தாவிடம் முணுமுணுத்தாள். “கதைக்காமல் போடுங்கோ அக்கா.” “உன்ர வாயில இண்டைக்கு நிறையக் கதை வருது.”

வெள்ளிக்கிழமை பிர்கிற் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். தவமலர் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மகேந்திரராசாவிடம், எதற்கும் புது அடுப்புத் திருகு ஒன்று வாங்கி வைக்கும்படி சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பிர்கிற் ஆங்கிலத்தில் பேசினாள். யசிந்தா தமிழில் சொன்னாள். முன்பு இந்த வேலை பார்த்தவன் தராசை உடைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் இருந்தானாம். அது உடைந்தது தெரிய நத்தார்ப் பண்டிகை வந்துவிட்டதாம். அதுவரை எடுத்த எல்லா அளவும் பிழையாம். இவள் செய்த பிழை பெரிதுதான், ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னம் தெரியவந்துவிட்டது. ஆகவே கொம்யூனிடம், இவளை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லப்போகிறாளாம். ஒரே ஒரு நிபந்தனை. இந்தக் கூடத்தில் எந்தத் தானியம் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் கை வைக்கக்கூடாது.

தவமலரின் தோள்கள் இறங்கின. “ஓம் எண்டு சொல்லு. ஓம், ஓம். தாங்ஸ் எண்டும் சொல்லு,” என்றவள் எழுந்து, பிர்கிற்றின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்றுவிட்டாள். யன்னலோரத்தில், சோதித்து முடித்த சோளம், கல்லும் சருகும் பூச்சி குத்திய மணியுமாக, ஒரு வாளி நிறைய இருந்தது.

யசிந்தாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“பிள்ளை, அவ நல்ல மனநிலையில இருக்கேக்க ஒண்டு கேள். எல்லாச் சோதினையும் முடிஞ்சுதெண்டா, குப்பையில கொட்டுறதுக்கு முன்னம் எண்டாலும், அதை நான் ஒருக்காப் புடைக்கலாமோ எண்டு கேட்டுச் சொல்லு.”