மூன்றாம் வரிசையில் நான் சிரிக்கவில்லை

எழுபதுகளின் கடைசியில், டெல்லியில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, இரண்டே பேர் கொண்ட ஒரு குழுவின் மேல் பைத்தியமாக இருந்தேன். ஒருவன் திருநெல்வேலிக்காரன், நெட்டையன். எங்கள் அலுவலகத்திலேயே வேறு பிரிவில் வேலை. கிதார் வாசிப்பான். மற்றவன் குட்டை. டெல்லி கிட்வாய் நகரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் படிக்க வராது என்பதால் வசனங்களை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வான்.

அவர்கள் சினிமாப் பாட்டு பாடமாட்டார்கள். எல்லாம் சொந்தப் பாட்டு. காலையில் குழாயில் தண்ணீர் நின்றுபோனதைப் பற்றி ஒன்று, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைத்துவிட்ட சந்தோஷத்தைப் பற்றி ஒன்று. பாட்டுகளுக்கு நடுவே நகைச்சுவை. அதை நாடகம் என்று சொல்ல முடியாது. எனக்கு மிகவும் பிடித்ததில் இரண்டு குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். போன் அடிக்கும். "நீங்க எடுங்க", "இல்லை, நீங்க எடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மணி நின்றுவிடும். வெகுநேரம் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு குட்டையன், "அவசரம் இல்ல போல" என்பான். அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும், அப்படிச் சிரிப்பேன்.

ஞாயிறு மதியங்களில் எங்கள் காலனியின் பொதுக்கூடத்தில் நடக்கும். பதினைந்து பேர் வந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் அடுத்து நடக்கும் தம்போலா சூதாட்டத்துக்கு இடம் பிடிக்க வந்தவர்கள். நான் ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் அவர்கள் குரலைவிட என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. நெட்டையன் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஒன் சிரிப்ப வச்சுத்தாம்ல நாங்க அடுத்த வரிய எடுக்கோம்" என்றான்.

இவர்களை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற வெறி எனக்கு. ஒரு பொங்கல் விழாவுக்கு, அமைப்பாளர்களின் வீடு வீடாக நடந்து, மெல்லிசைக் குழுவுக்கு முன்னால் இருபது நிமிடம் வாங்கிக் கொடுத்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு மூன்றாம் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார் எங்கள் செக்‌ஷன் ஆபீசர். அவருடைய பெண்ணை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியும் அந்தப் பெண்ணும்.

முதல் பாட்டிலேயே பின்வரிசையில் பேச்சு கிளம்பிவிட்டது. இரண்டாவது பாட்டில் யாரோ விசிலடித்தார்கள். ஆபீசர் என் பக்கம் சாய்ந்தார்.

"யாருப்பா இதெல்லாம்? உனக்குத் தெரிஞ்சவாளா?"

"தெரியாது சார்" என்றேன்.

பிறகு போன் அடித்தது, நின்றது. இருவரும் போனைப் பார்த்தார்கள். குட்டையன் நிமிர்ந்து, நான் இருந்த பக்கம் திரும்பி, "அவசரம் இல்ல போல" என்றான். சொல்லிவிட்டுக் காத்திருந்தான். என் வயிற்றிலிருந்து சிரிப்பு எழுந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மடியில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தேன். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. "போதும் பையா, பாட்டுக்காரங்கள வரச் சொல்லு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். இருவரும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். இன்னும் ஒரு பாட்டு மிச்சம் இருந்தது.

மறுநாள் மதியம் நெட்டையனைத் தேடிப் போனேன். திட்டுவான், மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். அவன் டிபன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினான்.

"கூட்டம் சிரிக்காதது கெடக்கட்டும்ல. அவங்களுக்கு என்ன தெரியும்? ஆனா ஒனக்கே சிரிப்பு வரலன்னா, அதுல என்னமோ சரியில்லன்னுதான அர்த்தம்? ராத்திரி பூரா அதான் பேசிக்கிட்டிருந்தோம்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். பெண்ணின் அப்பா பக்கத்தில் இருந்தார், பயந்துவிட்டேன் என்று. ஆனால் அவன் என்னை நம்பிய முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்து எனக்குக் கொஞ்சம் தலைவலி" என்றேன். அவன் சிரித்தான், அது நான் ஆறுதலுக்குச் சொன்ன பொய் என்று நினைத்து.

அதன் பிறகு அவர்கள் மேடை ஏறவில்லை. ஆபீசர் தம் பெண்ணுக்கு மெட்ராஸில் வேறு வரன் பார்த்துவிட்டார். நெட்டையன் நாக்பூருக்கு மாற்றலாகிப் போனான். குட்டையனை ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். "அந்த பாகல்பன், அந்தப் பைத்தியக்காரத்தனம் எல்லாம் விட்டாச்சுப்பா" என்று சொல்லி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டான்.

சில வருடங்கள் கழித்து நாக்பூர் விலாசம் கிடைத்தது. நடந்ததை நடந்தபடி எட்டுப் பக்கம் எழுதினேன். ஒரு மாதத்தில் இன்லண்ட் லெட்டரில் பதில் வந்தது. இரண்டு குழந்தைகள் என்றும், மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்றும், அங்கே வெயில் டெல்லியைவிட மோசம் என்றும் எழுதியிருந்தான். என் உடம்பை விசாரித்திருந்தான். நான் எழுதியிருந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. மடிப்பின் உள்பக்கத்திலாவது ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.