வங்காளிக்கு நான் சொல்லிக்கொடுத்த ‘அட்ஜஸ்ட்’

முட்டைக்கோழிப் பண்ணையில் எவ்வளவு கோபம் வந்தாலும் மெதுவாகத்தான் பேச வேண்டும். கத்தினால் கோழி மிரளும், முட்டை குறையும். மொழி தெரியாத ஆளை அதட்டாமல் வேலை வாங்குவது என்ன பாடு என்று என்னைப் போன்ற மேஸ்திரிகளுக்குத் தெரியும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் நான் பார்க்கும் பண்ணைக்கு வங்காளத்திலிருந்து பிகாஷ் வந்து சேர்ந்த அன்று, நான் ‘தம்பி’ என்று கூப்பிடும் இளவயசுப் பண்ணை முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இவன்கிட்டப் பேசி வேலை வாங்குனாத்தானுங்க நீங்க மேஸ்திரி. இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்.”

அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய என்னிடம் சொல்லுகிற பேச்சா அது? இன்னும் மறக்கவில்லை.

ஒழுகும் கூரை

எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ், பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்காரும்போது சொல்லுகிற ‘அட்ஜஸ்ட்’. பிகாஷ் தன் அறையில் மழை ஒழுகுவதைக் காட்டினான். “அட்ஜஸ்ட்” என்றேன். தலையை ஆட்டினான். அந்தப் பெருமையை வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி கேட்டாள்: “சரீங்க, ஓட்டைய அடைச்சீங்களா?”

ஷெட்டுக்குள் ஒரு சத்தம்

அடுத்து ஃபேன் கேட்டான். அட்ஜஸ்ட். மறுநாளும் கேட்டான். நிற்பது ஷெட்டுக்குள் என்பதை மறந்து, அதே சொல்லைத் தொண்டை கிழியக் கத்திவிட்டேன். கோழிகள் கூண்டுக் கம்பியில் முட்டிமோதிச் சிறகடித்தன. பிகாஷ் மட்டும் அசையவில்லை. மறுநாள் முட்டை குறைந்ததும் தம்பி சிரிக்காமல் சொன்னார்: “கோழிக்கு உங்க இங்கிலீசு நல்லாப் புரிஞ்சுருச்சுங்க மேஸ்திரி.”

புது ஆள்

பிகாஷின் ஊரிலிருந்து இன்னொருவன் வந்தான். வந்ததும் சைகையில் கட்டில் கேட்டான். தம்பி பக்கத்தில் நின்றதால் மிடுக்காக, “அட்ஜஸ்ட்” என்றேன். கட்டில் வரப்போகிறது என்று நினைத்து அவன் சிரித்தான். பிகாஷ் அவன் காதில் ஏதோ சொன்னான். சிரிப்பு போய்விட்டது.

“என்னடா சொன்னே?” என்றார் தம்பி. அதற்குள் தமிழைப் பொறுக்கி வைத்திருந்த பிகாஷ் சொன்னான்: “மேஸ்திரி அட்ஜஸ்ட் சொன்னா, அது வராதுங்க சார்.”

கடைசிப் பாடம்

அன்றைக்கே கட்டில் வந்தது, ஃபேன் வந்தது, கூரைக்குப் புதுத் தகரமும் வந்தது. ஆட்களிடம் பேசும் வேலை பிகாஷுக்குப் போனது. எனக்கு முட்டைத் தட்டு அடுக்கும் வேலை. ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்ர மேஸ்திரி வேலை எப்பத் திரும்ப வருமுங்க தம்பி?” என்று கேட்டேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

அதற்கு அர்த்தம் கேட்க நான் பிகாஷிடம் போக வேண்டியதில்லை.