கோணல் பலகையோடு மெஷின் வாங்கப் போனோம்

எண்பதுகளின் தொடக்கத்தில், உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நானும் மனைவியும் மரச்சாமான்கள் செய்துவந்தோம். கையால் இழைத்தே தோள் விட்டுப்போனதால், இழைப்பு மெஷின் வாங்கச் சென்னைக்குக் கிளம்பினோம். அவள் கோணலான வேப்பம்பலகை ஒன்றையும் பஸ்ஸில் ஏற்றினாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"பொடவ எடுக்கப் போனா மேல வச்சிப் பாக்கறோம் இல்ல?" என்றாள்.

கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. சின்னது பலகையின் முகத்தை மட்டும் மட்டமாக்கும். பெரியது அதோடு, மேசைக்கு அடியில் பலகையை நுழைத்தால் கனத்தையும் ஒரே சீராக்கும். கொட்டகையில் இடம் கம்மி என்பதால் எனக்குச் சின்னதே போதும் என்று தோன்றியது.

"ரெண்டுலயும் வுட்டுக் காட்டுங்கண்ணே" என்று பலகையைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

சின்ன மெஷினில் முகம் பளபளவென்று வந்தது. ஆனால் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தது. அதையே பெரியதன் அடியில் விட்டதும் முழுப் பலகையும் ஒரே கனமாக வெளியே வந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இத்தயே எடுத்துக்கலாங்க. எடத்துக்கு நான் வழி பண்றேன்."

அந்த வழி கொட்டகையில் நின்ற என் ஸ்கூட்டரை வெயிலில் தள்ளுவதுதான் என்பது மெஷின் வந்திறங்கிய அன்று தெரிந்தது. முதல் பலகையை இழைத்து முடித்தபோது எனக்கு ஸ்கூட்டர் ஞாபகமே இல்லை.