ட்ரக்காகப் போனது ட்ரக்காக வரணும்

அன்று காலை சான் ரமோன் ஆபீஸில் இருந்தவர்கள்:

விமலா. ப்ரோக்ராமை முதலில் எழுதியவர்.

பிரபு. கான்ட்ராக்டில் வந்தவர். அதற்கு முன் ஜாவா மொழியில் எழுதியவர்.

தாமஸ். மேனேஜர்.

நான். எழுதிய ப்ரோக்ராமை ஓடும்படி ஆக்கும் பில்ட் மெஷினைப் பார்த்துக்கொண்டவன். படிப்பு பிளஸ் டூவோடு சரி. மனைவி நர்ஸ். அவள் வேலைக்காக வந்த ஊரில் எனக்குக் கிடைத்த வேலை இது.

மதியம் இரண்டு மணிக்கு டெமோ. கஸ்டமர் ரிச்சர்ட்சனிலிருந்து விமானத்தில் வந்து ஹோட்டலில் இறங்கிவிட்டார். குளிர்பதன ட்ரக்கில் மருந்து அனுப்புகிற கம்பெனி. அவர் கேட்டது ஒன்றுதான். ட்ரக்குக்குள் சூடு ஏறினால் அந்த ட்ரக்கின் டிரைவருக்கு உடனே போன் போகவேண்டும். போகாவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் பிரபுவின் கான்ட்ராக்ட் முடியும். அவர் விசா அதில்தான் நிற்கிறது. பக்கத்து ஊரான டப்ளினில் அவருடைய அப்பார்ட்மென்ட் லீஸை ரின்யூ பண்ணுவதா என்று கேட்டிருந்தார்கள். அவர் பதில் சொல்லாமல் வைத்திருந்தார்.

காலையில் பில்ட் சிவப்பு. எங்கோ தப்பு, ஓடாது என்று அர்த்தம்.

ப்ரோக்ராம் ஃபங்க்ஷனல் மொழியில் எழுதியது. அதற்குள் ஒவ்வொரு குளிர் அறையும் ஒரு ஆப்ஜெக்ட், ஒவ்வொரு ட்ரக்கும் ஒரு ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்டிடம் என்னென்ன கேட்கலாமோ அவைதான் மெத்தட். டெம்பரேச்சர் இரண்டிடமும் கேட்கலாம். டிரைவர் போன் நம்பர் ட்ரக்கிடம் மட்டும். செக் என்று ஒரு ஃபங்க்ஷன். ஆப்ஜெக்டை வாங்கிப் பார்க்கும். சூடு ஏறியிருந்தால் அதையே திருப்பிக் கொடுக்கும்.

உள்ளே வருவது என்ன டைப், அதாவது என்ன வகை, என்று எழுதாமல் பிரபு ஒரு ஃபங்க்ஷனையும் விடமாட்டார். ஜாவாவில் வந்த பழக்கம். செக்குக்கும் எழுதினார். யூனிட் என்று ஒரு டைப், அதில் டெம்பரேச்சர் மட்டும். ட்ரக்கிடம் டெம்பரேச்சர் இருப்பதால் அது யூனிட்டின் சப்டைப், உள்வகை. ட்ரக்கை யூனிட்டாகச் சுருக்கி உள்ளே அனுப்பினார். போனது. திரும்பி வந்ததும் யூனிட்தான். அதனிடம் போன் நம்பர் கேட்டால் அப்படி ஒரு மெத்தட் இல்லை என்றது ப்ரோக்ராமைச் சரிபார்க்கும் கம்பைலர்.

"திரும்ப ட்ரக்கா மாத்துற கட்டளை, காஸ்ட், எங்க இருக்கு?" என்று கேட்டார் பிரபு.

"கிடையாது," என்றார் விமலா. "இந்த மொழியில பெருசைச் சுருக்கலாம். சுருக்கினதை விரிக்க முடியாது."

தாமஸ் ஜாவாவில் திருப்பி எழுத எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். இரண்டு மணிக்குள்ளயா என்று விமலா கேட்டார். தாமஸ் காபி எடுக்கப் போய்விட்டார்.

பிரபு ஒரு வழி சொன்னார். குளிர் அறைக்கும் சும்மா ஒரு போன் நம்பர் வைத்துவிடலாம். யூனிட்டில் போனும் சேர்ந்துவிடும். பில்ட் ஓடும்.

"அலாரம் அடிச்சா சுவருக்கு யாரு போன் பண்றது?" என்றார் விமலா. "நீ எழுதின டைப்பை எடுத்துட்டுப் பாரு."

"டைப் எழுதாமலா? கராஜைத் தொறந்து போட்டுட்டு ஃப்ரீவே ஏறுற மாதிரி இருக்கு."

ஆனாலும் எடுத்தார். நான் ஓட்டினேன். இந்த முறை பில்ட் பச்சை. செக்குக்குக் கம்பைலர் தானாகக் கண்டுபிடித்த டைப் திரையில் வந்தது. எனக்கு அதைப் படிக்கப் பிடிக்கும். டெம்பரேச்சர் என்று போட்டு, பக்கத்தில் இரண்டு புள்ளி. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே எழுத்தைப் பெயராக வைத்திருந்தது. புள்ளி எதற்கு என்று கேட்டேன்.

"மீதி என்ன வேணா இருக்கட்டும்னு அர்த்தம்," என்றார் விமலா. "எது உள்ள போச்சோ அதுவே வெளிய வரும். ட்ரக் போனா ட்ரக்."

பிரபு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"நான் சொல்லாதது இதுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?"

எனக்குத் தெரியாது என்றேன். விமலா சொன்னார்: "ஃபங்க்ஷனுக்குள்ள நீ அதுகிட்ட என்ன கேட்டியோ, அதை மட்டும் பார்த்துக்கிச்சு. மீதியில கை வைக்கல."

விமலா, பிரபு, நான் மூவரும் டப்ளினிலிருந்து ஒரே காரில், கார்பூலில் வருவோம். புதிதாக ஒருவரைச் சேர்க்க இரண்டு கேள்விதான். ஓட்டத் தெரியுமா, ஏழரைக்குக் கிளம்புவீர்களா. பியானோ வாசிப்பீர்களா என்று கேட்பதில்லை. நாங்கள் கேட்கவில்லை என்று ஆபீஸில் இறங்கும்போது அவருக்குப் பியானோ மறந்துபோவதும் இல்லை. எனக்கு அப்படித்தான் புரிந்தது.

பிரபுவுக்கு ருசி பிடித்துவிட்டது. மற்ற ஃபங்க்ஷன்களிலும் டைப்பை அழித்தார். ஒவ்வொன்றுக்கும் கம்பைலர் என்ன சொல்கிறது என்று பார்த்தார். யாரும் சாப்பிடப் போகவில்லை. கடைசியில், எல்லாவற்றையும் வரிசையாகத் திரையில் காட்டும் ஸ்க்ரீன் லிஸ்டிலும் அழித்தார். பில்ட் மறுபடி சிவப்பு.

அந்த லிஸ்டில் அறையும் ட்ரக்கும் கலந்து நிற்கும். ஒரு லிஸ்டில் இருப்பதெல்லாம் ஒரே டைப்பாக இருக்கவேண்டும். அங்கே சுருக்கித்தான் ஆகவேண்டும்.

"சப்டைப்தானே, அதுவே சுருக்கிக்காதா?" என்றார் பிரபு.

"நீ சொன்னா சரியா இருக்கான்னு பார்க்கும். அதுவா சுருக்காது. காணாம போறது உன் மெத்தட். நீதான் சொல்லணும்."

அந்த இடத்தில் மட்டும் திரும்ப எழுதினார். பில்ட் பச்சை.

இரண்டு மணிக்குக் கஸ்டமர் வந்தார். சென்சார் ஒன்று கையோடு கொண்டுவந்திருந்தார். ரிச்சர்ட்சனில் இருக்கும் ஒரு டிரைவரை அவர்கள் ஆபீஸ் லைனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அந்த டிரைவரின் ட்ரக் பெயரில் சென்சாரைப் பதிந்தோம். கஸ்டமர் அதைத் தன் காபிக்குள் வைத்தார். ஸ்பீக்கருக்குள் வேறொரு போன் அடித்தது. டிரைவர் தன் செல் அடிப்பதாகச் சொன்னார். எடுக்கச் சொன்னார் கஸ்டமர். எங்கள் அலாரம் பேசுவது இங்கே கேட்டது.

கஸ்டமர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேறு காபி கிடைக்குமா என்று கேட்டார்.

அவர் போனபின் தாமஸ் பிரபுவிடம் வந்தார்.

"லீஸை ரின்யூ பண்ணிக்கோ."

பிரபு தலையாட்டினார். வீட்டுக்குப் போன் பண்ண வெளியே போனார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டைப் எழுதும் முன் கொஞ்சம் பொறுங்கள். ஃபங்க்ஷன் என்ன கேட்கிறது என்று கம்பைலர் சொல்லட்டும். சுருக்குவது தப்பில்லை. எங்கே சுருக்குகிறோம், எதை இழக்கிறோம் என்று தெரிந்து சுருக்கவேண்டும்.

அன்று அழித்த டைப் முப்பத்தெட்டு. திரும்ப எழுதியது ஒன்று.